நம்ம சோலையில் யார் யார் இருக்காங்க? எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்



சேமிப்பு, உள்கடன், வட்டி, வரவு செலவு என்று எத்தனையோ கணக்குப் பாடம் இந்தப் பக்கத்தில் பார்த்துவிட்டோம். இந்த மாதமும் கணக்குப் பாடம்தான். ஆனால் பணக்கணக்கு இல்லை. நம்ம லைன் வீட்டுக்குப் பின்னாடியும் தேயிலைக்கு நடுவிலும் இருக்கிற சோலையில் என்னென்ன மிருகம் இருக்கு, எங்கே இருக்கு, எப்போ வருது என்று எழுதி வைக்கிற கணக்கு.

"மிருகத்தை எண்ணி நமக்கு என்ன ஆகப்போகுது? அது ஃபாரஸ்ட்காரங்க வேலை" என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஒரு குழுக் கூட்டத்தில் நடந்த பேச்சுதான் எங்களை மாற்றியது.

ஒரு மனு வந்தது

வால்பாறைப் பகுதியில் ஒரு எஸ்டேட். அங்கே உள்ள ஒரு குழுவின் மாதக் கூட்டம். கடன் தீர்மானம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு உறுப்பினர் எழுந்தார். "லைனில் ரெண்டு வாரத்துல மூணு நாயைக் காணோம். கீழே ஓடைப் பக்கம் இருக்கிற சோலையிலதான் சிறுத்தை ஒளிஞ்சிருக்கு. அதை மொத்தமா வெட்டச் சொல்லி மனு எழுதிட்டேன். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கக்கா" என்றார். அவருக்கு 4 வயதில் ஒரு பெண் குழந்தை.

மூத்த உறுப்பினர் ஒருவர் உடனே மறுத்தார். "அந்தச் சோலையை வெட்டினா ஊத்துத் தண்ணி நிக்குமா? கோடையில எங்க போவ?" என்று கேட்டார். பேச்சு சண்டையானது. பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். கடைசியில் ஊக்குநர் எங்களைப் பார்த்து, "மேடம், நீங்களே சொல்லுங்க. சிறுத்தை அங்கதான் இருக்கா?" என்றார்.

எங்களுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் கூட்டத்தில் இருந்த யாருக்குமே தெரியாது. ஒரு உறுப்பினர் கடன் கட்டினாரா இல்லையா என்று சண்டை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? நோட்டைப் புரட்டுகிறோம். இந்தச் சண்டைக்குப் புரட்டிப் பார்க்க நோட்டு இல்லை. அதனால் "2 மாதம் எழுதுவோம், அதற்குப் பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசுவோம்" என்று தீர்மானம் போட்டோம்.

பயந்த அந்தத் தாய் சொன்னதும் தப்பில்லை. 2024-லும் 2025-லும் வால்பாறை எஸ்டேட்டுகளில் சிறுத்தையிடம் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. அதனால் இது பொழுதுபோக்குப் பாடம் இல்லை.

துண்டுக்காடு என்றால் என்ன?

ஆனைமலையில் உள்ள வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890-களில் தொடங்கி இங்கே மழைக்காட்டை வெட்டி காப்பி, தேயிலை வைத்தார்கள். ஓடை ஓரம், செங்குத்துச் சரிவு, பாறைப்பாங்கான இடம் என்று அங்கங்கே கொஞ்சம் காடு மிச்சம் நின்றது. அதுதான் துண்டுக்காடு. நாம் சோலை என்கிறோம். இந்தப் பீடபூமியில் இப்படி 40-க்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன. சிலது சில ஏக்கர், சிலது நூற்றுக்கணக்கான ஏக்கர்.

ஒரு பெரிய சேலையைக் கிழித்துக் கைக்குட்டைகளாகப் போட்டது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம் என்று பெரிய காடு. நடுவில் தேயிலை. தேயிலைக்குள் இந்தக் கைக்குட்டைகள். யானை, காட்டுமாடு எல்லாம் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குத் தேயிலை வழியாகவே போகும். யானைக்கூட்டம் பகலில் சோலையிலும் ஆற்றோரத்திலும் நின்று ஓய்வெடுத்து, பொழுது சாய்ந்த பிறகு நகரும். ஆக, பகலில் யானை எந்தச் சோலையில் நிற்கிறது என்று தெரிந்தால், சாயந்திரம் நாம் எந்த வழியில் போகக்கூடாது என்பதும் தெரியும்.

சிங்கவால் குரங்குக்கு நிலைமை வேறு. உலகத்திலேயே தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா ஆகிய மூன்று மாநில மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டும்தான் அது இருக்கிறது. மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிற பிராணி. இடையில் ரோடும் தேயிலையும் வந்தால் தரையில் இறங்க வேண்டியதாகிறது. வால்பாறை டவுனுக்குப் பக்கத்தில் புதுத்தோட்டம் சோலையில் இந்தக் குரங்குகளை ஆராய்ச்சியாளர்கள் பல வருடமாக எண்ணி வருகிறார்கள். இன்று அந்தச் சின்ன சோலையைச் சுற்றி நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ரோட்டைத் தாண்டும்போது வண்டியில் அடிபடுவது தெரிந்ததால்தான் மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள், தாண்டும் இடத்தில் காவலுக்கு ஆள் போட்டார்கள். யாரும் எண்ணாமல் விட்டிருந்தால் "குரங்குதானே" என்று போயிருக்கும்.

கணக்கு எங்கே தப்பும்?

மிருகக் கணக்கில் மூன்று தப்பு சுலபமாக வரும்.

1. பார்க்கவில்லை என்றால் இல்லை என்று நினைப்பது. சிறுத்தை, மிளா, முள்ளம்பன்றி, மரநாய் எல்லாம் பெரும்பாலும் இரவில் நடமாடும். நாம் பகலில் பார்க்காததால் அவை இல்லை என்று ஆகாது.

2. ஒன்றையே இரண்டு தடவை எண்ணுவது. காலையில் மேல் டிவிஷனில் பார்த்த கருமந்திக் கூட்டமே மத்தியானம் கீழ் டிவிஷனில் நிற்கும். இரண்டு பேரும் தனித்தனியாக எழுதினால் 8 குரங்கு 16 ஆகிவிடும். ஒரே ஆள் இரண்டு குழுவில் பேர் எழுதுவது மாதிரிதான் இது. அதனால்தான் நேரமும் இடமும் எழுத வேண்டும் என்கிறோம்.

3. எவ்வளவு தேடினோம் என்பதை எழுதாமல் விடுவது. ஒரு நாள் போய்ப் பார்த்தவரும் 20 நாள் போய்ப் பார்த்தவரும் "4 தடவை தடம் பார்த்தேன்" என்றால் இரண்டும் ஒன்றாகுமா?

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானில் உள்ள சரிஸ்காவே சாட்சி. அங்கே புலி இருக்கிறது என்று காகிதத்தில் இருந்தது. 2005-ல் போய்த் தேடினால் ஒரு புலிகூட இல்லை. வேட்டையில் எல்லாம் போய்விட்டன. நோட்டில் பணம் இருக்கு, பெட்டியைத் திறந்தால் காலி என்பது மாதிரி. அதுவரை காலடித் தடத்தை வைத்துத்தான் நாட்டில் புலியை எண்ணினார்கள். 2006 கணக்கெடுப்பிலிருந்து முறையை மாற்றி, தானியங்கி கேமராவை முக்கியமாக வைத்தார்கள். சரிஸ்காவுக்கு 2008-ல் ரந்தம்பூரிலிருந்து புலியைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது.

படித்தவர்கள் எப்படி எண்ணுகிறார்கள்?

நம்ம பகுதித் துண்டுக்காடுகளில் ஆராய்ச்சியாளர்கள் செய்கிற முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

கோட்டு நடை: சோலைக்குள் ஒரே வழியைக் குறித்துக்கொண்டு, காலையில் மணிக்கு 1 கிலோமீட்டர் என்ற மெதுவான நடையில் சத்தமில்லாமல் நடப்பார்கள். என்ன மிருகம், எத்தனை, எத்தனை மணிக்கு, வழியிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி என்று எழுதுவார்கள். கருமந்தி, மலை அணில் போன்ற பகல் பிராணிகளுக்கு இது ஏற்றது.

தடயக் கணக்கு: காலடி, சாணம், புழுக்கை, நகக்கீறல், தின்று போட்ட மிச்சம் ஆகியவற்றை எண்ணுவது. மிருகத்தைப் பார்க்கவே வேண்டாம்.

தானியங்கி கேமரா: மரத்தில் கட்டி வைப்பார்கள். உடம்புச் சூடுள்ள பிராணி முன்னால் போனால் தானே படம் எடுக்கும். நமக்குக் கைரேகை மாதிரி புலிக்குக் கோடு, சிறுத்தைக்குப் புள்ளி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அதை வைத்து இது வேற சிறுத்தை, அது வேற சிறுத்தை என்று பிரிப்பார்கள்.

ஊராரிடம் கேட்பது: இதுவும் ஒரு முறைதான். கொழுந்து எடுக்கிறவர், விறகு பொறுக்குகிறவர், வாட்ச்மேன் எல்லாரிடமும் விசாரிப்பார்கள். நம்ம வாய்வார்த்தைக்கு மதிப்பு உண்டு. தேதியும் இடமும் சேர்ந்தால் இன்னும் அதிக மதிப்பு.

நமக்குத் தெரிந்த தடயங்கள்

இந்தப் பட்டியலில் பாதி உங்களுக்கே தெரியும். தெரியாததை மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

• சிறுத்தை, புலி: பூனைக்கு இருக்கிற மாதிரி வட்டமான தடம். நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் நக அடையாளம் விழாது. எச்சத்தில் தின்ற பிராணியின் முடி இருக்கும்.

• நாய், செந்நாய்: தடத்தில் நகம் பதியும். இரண்டையும் தடத்தில் பிரிப்பது கஷ்டம். "நாய் இனம்" என்று மட்டும் எழுதுங்கள். ஊகிக்க வேண்டாம்.

• காட்டுமாடு: நம்ம மாட்டுச் சாணம் போலவே, ஆனால் பெரிசு. குளம்புத் தடமும் பெரிசு.

• மிளா, கேளையாடு: புழுக்கை. மிளாவுக்குப் பெரிசு, கேளையாட்டுக்குச் சின்னது. கேளையாடு பயந்தால் நாய் குரைப்பது போலக் கத்தும்.

• காட்டுப்பன்றி: ஏர் உழுதது போலக் கிளறிய மண்.

• கரடி: கரையான் புற்றைத் தோண்டிய குழி, மரத்தில் நீள நகக்கீறல்.

• மரநாய்: பாறை மேலோ கட்டை மேலோ விதை நிறைந்த எச்சம். காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் காப்பிக்கொட்டையோடு பார்த்திருப்பீர்கள்.

• நீர்நாய்: ஓடைப் பாறையில் நண்டு ஓட்டுத் துணுக்குகள் நிறைந்த எச்சம்.

• மலை அணில்: உயரத்தில் இலையும் குச்சியும் சேர்த்த பெரிய கூடு.

• யானை: தடத்தையும் லத்தியையும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கணக்கு மட்டும் சொல்கிறோம். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து இரண்டு மடங்காக்கினால், ஏறக்குறைய அதுதான் யானையின் தோள் உயரம். காய்ந்த பழைய தடத்தில் மட்டும் அளக்கலாம். புதுத் தடம், ஈர லத்தி என்றால் அளக்க நிற்க வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள்.

நோட்டு எழுதுவது எப்படி?

100 பக்க நோட்டு ஒன்று போதும். குழுவுக்கு இரண்டு பேர் பொறுப்பு. எழுதத் தெரியாத அக்கா சொல்ல, தெரிந்தவர் எழுதலாம். ஏழு கட்டம் போடுங்கள்:

தேதி / நேரம் / இடம் / என்ன மிருகம் / பார்த்ததா, தடயமா / எத்தனை / யார் பார்த்தது.

இடத்துக்கு நாம் சொல்கிற பெயரையே எழுதுங்கள். "தண்ணித்தொட்டி வளைவு", "பழைய பிள்ளைக்காம்பரா பின்னாடி" என்றால் நம்ம எல்லாருக்கும் புரியும்.

முக்கியமான விதி ஒன்று. ஒன்றுமே பார்க்காத நாளிலும் "இன்று ஒன்றும் இல்லை" என்று தேதி போட்டு எழுத வேண்டும். சேமிப்பு கட்டாத வாரத்தை நாம் காலியாக விடுவதில்லை, 0 போடுகிறோம். காலியாக விட்டால் பார்க்கப் போகவில்லையா, போயும் இல்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

கணக்குப் போடுவோம்

உதாரணத்துக்கு, தை மாதம் 20 நாள் பார்த்தோம், 4 நாள் பன்றித் தடயம் இருந்தது. மாசி மாதம் 10 நாள்தான் பார்த்தோம், 3 நாள் இருந்தது. 4-லிருந்து 3 ஆகிவிட்டது, பன்றி குறைந்துவிட்டது என்று சொல்லலாமா?

வட்டிக்கு 100-க்கு எத்தனை என்று பார்ப்பது போலப் பாருங்கள். தையில் 100 நாளுக்கு 20 நாள். மாசியில் 100 நாளுக்கு 30 நாள். ஆக, குறையவில்லை. நாம் பார்த்த நாள்தான் குறைந்தது. இது ஒன்று புரிந்தால் பாடத்தில் பாதி முடிந்தது.

பாதுகாப்பு முதலில்

• இந்தக் கணக்குக்காக யாரும் சோலைக்குள் போகக் கூடாது. வேலைக்குப் போகிற வழி, லைன் சுற்றுவட்டம், தண்ணீர் எடுக்கிற வழி ஆகியவற்றில் பார்த்ததை எழுதினால் போதும். அனுமதியில்லாமல் காப்பகக் காட்டுக்குள் நுழைவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

• தனியாக வேண்டாம். இருட்டில் வேண்டாம். பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம்.

• மிருகத்தைப் பார்த்தால் போன் எடுத்துப் படம் பிடிக்க நிற்காதீர்கள். விலகி வந்த பிறகு எழுதலாம்.

• யானை பக்கத்தில் இருந்தால் நோட்டில் எழுதுவதற்கு முன் வனத்துறைக்கும் லைன்காரர்களுக்கும் சொல்லுங்கள். வால்பாறையில் யானை நிற்கும் இடத்தை எஸ்எம்எஸ் மூலம் ஊருக்குச் சொல்லும் ஏற்பாடு 2011-ல் தொடங்கியது. சிவப்பு விளக்கு எச்சரிக்கையும் வந்தது. யாரோ ஒருவர் பார்த்துச் சொன்னதால்தான் அந்தச் செய்தி நமக்கு வருகிறது. அந்த ஒருவர் நாமாகவும் இருக்கலாம்.

அந்தக் குழுவில் என்ன ஆச்சு?

2 மாதத்தில் 48 நாள் எழுதியிருந்தார்கள். கூட்டத்தில் நோட்டை வாசித்தோம். ஓடைச் சோலை ஓரத்து வழியில் சிறுத்தைத் தடயம் 2 நாள். லைனுக்குப் பின்னாடி, கோழிக்கழிவும் மீந்த சோறும் கொட்டுகிற குப்பைமேட்டுப் பக்கம் 9 நாள். அதே மேட்டில் காட்டுப்பன்றி கிளறியது பல நாள். தெருநாய்களும் அங்கேதான் கூடும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மூத்த உறுப்பினர், "அப்போ சிறுத்தைக்கு இலை போட்டுப் பந்தி வைக்கிறது நாமதானா?" என்றார்.

சோலைப் பக்கத்துக் கட்டங்களில் கருமந்தி, மலை அணில், கேளையாடு என்று இருந்தது. ஓடைப் பாறையில் நண்டு ஓட்டோடு நீர்நாய் எச்சம். அந்த ஓடையில் நீர்நாய் இருப்பது எங்களுக்கும் அன்றுதான் தெரியும்.

ஒன்றைச் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். இது 2 மாதக் கணக்கு மட்டும்தான். சோலைக்குள் யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை. அதனால் சோலையில் சிறுத்தையே தங்குவதில்லை என்று இந்த நோட்டை வைத்துச் சொல்ல முடியாது. பார்க்கவில்லை என்றால் இல்லை என்று ஆகாது, முதல் தப்பை நாமே செய்யக் கூடாது. ஆனால் லைனுக்கு அருகில் அதை எது இழுக்கிறது என்பது தெரிந்தது. சோலையை வெட்டினாலும் சிறுத்தை தேயிலைச் செடிக்குள் படுக்கும், குப்பைமேட்டுக்கு வரும் என்பதும் புரிந்தது.

குழு போட்ட தீர்மானம்: கறிக்கழிவை வெளியே கொட்டுவதில்லை, குழி தோண்டி மூடுவது. கோழியையும் நாயையும் இரவில் அடைப்பது. லைனைச் சுற்றிப் புதரை வெட்டவும், மேட்டுப் பக்கம் விளக்கு போடவும், மூடிய குப்பைத்தொட்டி வைக்கவும் நோட்டின் நகலோடு எஸ்டேட் ஆபீசுக்கு மனு. பொழுது சாய்ந்தால் பிள்ளைகளைப் பெரியவர் துணையில்லாமல் வெளியே விடுவதில்லை.

விளக்கு வந்துவிட்டது. தொட்டி இன்னும் வரவில்லை, மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். முதல் மனு எழுதிய தாய் அதைக் கிழிக்கவில்லை, மடித்து வைத்திருக்கிறார். "எனக்கு இன்னும் பயம் போகலை மேடம். ஆனா எங்க பார்த்துப் பயப்படணும்னு இப்போ தெரியும்" என்றார். இப்போது நோட்டு எழுதும் இரண்டு பேரில் அவரும் ஒருவர்.

பாடத்தின் சாரம் இதுதான், சகோதரிகளே. பயத்தை வைத்தும் முடிவு எடுக்கலாம், கணக்கை வைத்தும் முடிவு எடுக்கலாம். பணத்தில் நாம் கணக்கைத்தான் நம்பினோம், அதனால்தான் குழு நிற்கிறது. சோலை விஷயத்திலும் அதையே செய்வோம்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம்ம லைனுக்கு அருகில் உள்ள சோலை எது? அதில் என்ன மிருகம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்லுங்கள். எது கண்ணால் பார்த்தது, எது கேள்விப்பட்டது என்று பிரித்து எழுதுங்கள்.

2. நம்ம குப்பை எங்கே போகிறது? இரவில் அங்கே யார் வருகிறார்கள்?

3. கருமந்திக் கூட்டத்தை இரண்டு டிவிஷன்காரர்கள் எண்ணினால் இரட்டைக் கணக்கு வராமல் எப்படிப் பார்ப்பது?

4. நோட்டு எழுத யார் இரண்டு பேர்? தீர்மானப் புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டுக் கூட்டத்தை முடியுங்கள்.

2 மாதம் எழுதிய நோட்டைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுவும் சேர்ந்து வாசிப்போம். 0 போட்ட பக்கங்களையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.